நீலம் ஏறாத தாள்

மூத்திரம் வாங்குவதற்காகக் கடல் கடந்து போனவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். மற்றவர்கள் துபாய்க்குப் போனார்கள், சிங்கப்பூருக்குப் போனார்கள், வரும்போது டேப்ரிக்கார்டர் கொண்டுவந்தார்கள். நான் போனது இலங்கையில் பதுளைக்கு. கொண்டுபோனது ஒரு பெட்டி காலிக் குப்பிகள், ஒரு டப்பா தாள்பட்டைகள், ஒரு பொய்.

முதலில் குப்பியைச் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸில் நெஞ்சுநோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. காசநோய்க்காரர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை அவர்கள் வயிற்றுக்குள் போகிறதா, ஜன்னல் வழியாகப் போகிறதா என்று கண்டுபிடிப்பவன். முன்னறிவிப்பில்லாமல் வீட்டு வாசலில் போய் நிற்பேன். ஒரு குப்பி கேட்பேன். தாள்பட்டையின் முனையை அதில் நனைத்தால், மாத்திரை போட்டவருக்குக் கால் மணி நேரத்தில் தாளில் நீலம் ஏறும். போடாதவருக்குத் தாள் வெள்ளையாகவே இருக்கும். ஒருவர் முகத்தைப் பார்த்தே அவர் தாளின் நிறத்தைச் சொல்லிவிடுவேன் என்று கல்யாண வீடுகளில் பீற்றிக்கொள்வது வழக்கம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை எப்போதும் காலியாகவே இருக்கும்.

பதுளையில் நடந்துகொண்டிருந்தது கொஞ்சம் வேறு மாதிரியான சோதனை. காசநோய்க்காரர் இருமும் வீட்டில் மற்றவர்கள் நெஞ்சுக்குள்ளும் கிருமி போய் உட்கார்ந்துகொள்ளும். உடனே நோய் வராது, கிருமி தூங்கும். என்றைக்கோ ஒரு நாள் அது எழுந்தால்தான் நோய். தூக்கத்திலேயே அதன் கதையை முடிக்க வேண்டுமானால், நன்றாக இருப்பவர் ஒரு வருடம் தினமும் ஒரு மாத்திரை விழுங்க வேண்டும். நோய் இருப்பவனையே ஒரு வருடம் விழுங்கவைக்க நாக்குத் தள்ளுகிறது, இல்லாதவன் விழுங்குவானா? ஆறு மாதம் போதுமா, மூன்று மாதமே போதுமா என்று பார்த்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அதற்குத் தோதாக அமைந்தவை தேயிலைத் தோட்டத்து லயங்கள். லயம் என்பது நீளமான ஒரே கூரை. அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள், ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். ஒருவர் இருமினால் அந்தக் காற்றை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். சீட்டுக் குலுக்கிச் சில லயங்களுக்கு மூன்று மாதம், சிலவற்றுக்கு ஆறு, சிலவற்றுக்கு ஒரு வருடம் என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள்.

ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயத்து முன்னால் ஓடும் கானில், அதாவது சாக்கடையில், வெள்ளை மாத்திரைகள் மிதக்கின்றன என்று பதுளை டாக்டரம்மாவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. பத்தில் எட்டுப் பேருக்காவது நீலம் ஏறாவிட்டால் அந்தத் தோட்டத்தைச் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கினால் அங்கே மாத்திரையும் நின்றுவிடும். தெரிந்த முகம் போனால் சேதி முந்திக்கொள்ளும் என்பதால், வெளியூர் முகம் ஒன்று அனுப்பும்படி எங்கள் கூடத்துக்கு எழுதினார்கள். கொஞ்ச நாளைக்குப் பார்க்காமல் இருக்கலாம் என்று எங்கள் ஆபீசில் எல்லோரும் ஆசைப்பட்ட முகம் என்னுடையது.

இனிப் பொய். அதற்கு முந்தின வருடம் எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். மற்றவர்களுக்குக் கொசு கடித்த மாதிரி. எனக்கு மெதுவடை மாதிரி. எனக்குள்ளும் கிருமி தூங்குகிறதாம். ஒரு வருடம் மாத்திரை. நாற்பது நாள் ஒழுங்காக விழுங்கினேன். நாற்பத்தோராம் நாள் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்திருந்த காகிதத்தைப் படித்துத் தொலைத்தேன். அபூர்வமாகச் சிலருக்கு ஈரல் பாதிக்கப்படலாமாம். அபூர்வம் என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் அது என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாகவே எனக்குப் படும். குளியலறைக்கு ஓடிக் கண்ணாடியில் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள்! டாக்டரிடம் போகவும் பயம், அவர் ஆமாம் என்றுவிட்டால்? அன்றோடு மாத்திரை நின்றது. குளியலறையில் மாட்டியிருந்தது மஞ்சள் பல்பு என்பது, மூன்று வாரம் கழித்து அது ஃப்யூஸ் போனபோதுதான் தெரிந்தது. அதற்குள் விழுங்காமல் இருப்பது பழகிவிட்டது. மனைவி "மாத்திரை போட்டாச்சா?" என்பாள். "ஆச்சு" என்பேன். ஊரார் மாத்திரையை எண்ணுகிறவன் தன் மாத்திரையைப் பீரோவுக்குப் பின்னால் சேமித்துக்கொண்டிருந்தேன்.

கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயில் ஒரு பகல் முழுக்க ஏறுகிறது. வழியெல்லாம் பருப்பு வடை. வடை மடித்திருந்த தாளில் யாரோ ஒரு பிள்ளை போட்ட பெருக்கல் கணக்கு. கணக்குத் தப்பு, வடை பிரமாதம். எதிரே, பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர். ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் அவரை "முதலாளி" என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் கண் என் பெட்டியிலேயே இருந்தது.

"குப்பியெல்லாம் சின்னச் சின்னதா ஈக்குது. அத்தர் வியாபாரமா?"

"இல்லீங்க முதலாளி. வெறுங்குப்பி. பதுளையில போய்த்தான் நிரப்பணும்."

"எங்கட பதுளையில அப்பிடி என்ன வாசனை ஈக்குது?"

உண்மையைச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டுத் தன் சோற்றுப் பொட்டலத்தை என் பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். பிறகு மனசு கேட்காமல், பாதியை எனக்கு நீட்டினார். "நிரப்பாம ஈக்கிற வரைக்கும் பரவாயில்ல. சாப்பிடுங்க."

தெமோதரை ஸ்டேஷனைத் தாண்டியதும் ரயில் ஒரு மலையைச் சுற்றிக் கீழே இறங்கியது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால், சற்று முன் விட்டு வந்த அதே ஸ்டேஷன் என் தலைக்கு மேலே நிற்கிறது! "முதலாளி, ரயில் திரும்பிப் போகுது, யாராவது சங்கிலியை இழுங்க!" என்று எழுந்துவிட்டேன். ரயில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"உக்காருங்க, உக்காருங்க. ஸ்டேஷனுக்கு அடியால பொந்து ஈக்குது. அதுக்குள்ளால போகும். மேல நிண்டு தேத்தண்ணி குடிக்கிறவனுக்குக் காலுக்குக் கீழ நாம போறது தெரியாது."

சொன்னபடியே ஸ்டேஷனுக்கு அடியில் புகுந்து போனோம். எழுந்தவன் எழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று, குப்பிப் பெட்டியை இறக்கி ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். சிங்களப் பெண்மணி, ஒல்லி, பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். அதை நான் தமிழில் தருகிறேன். தமிழில் கொஞ்சம் கனிவு கூடிவிட்டால் அது என் தவறு.

"உங்களுக்கு ஒரே ஒரு தடவைதான். இரண்டாம் தடவை போனால் ஊரே முன்கூட்டி விழுங்கிவிட்டுக் காத்திருக்கும். அடித்தல் திருத்தல் இருந்தால் பட்டியல் செல்லாது. பிரதி எடுத்தாலும் செல்லாது."

"அந்த விதியை எழுதியதே நான்தான், மேடம்" என்றேன் பெருமையோடு.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறீர்கள். நீங்களும் இந்த மருந்து சாப்பிடுகிறீர்களா?"

"தினமும்" என்றேன். பொய்க்கு அயல்நாட்டில் இன்னும் கொஞ்சம் பலம் வந்த மாதிரி இருந்தது.

மதியம் ஒரு கடையில் இடியப்பமும் சொதியும். கூடவே சிவப்பாக ஏதோ வைத்தார்கள். நம் ஊர்த் தேங்காய்ச் சட்னியின் பெரியப்பா மகன் போலிருந்தது. ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். அது கட்டச் சம்பல். தேங்காயே கிடையாது, மிளகாயும் வெங்காயமும் மட்டும். காது அடைத்தது, மார்பு படபடத்தது, மாரடைப்பு என்றே முடிவு கட்டிவிட்டேன். "ஒண்ணுமில்ல ஐயா, முதல் நாள் அப்பிடித்தான்" என்று கடைக்காரர் ஒரு துண்டு கருப்பட்டியும் வெறுந்தேத்தண்ணியும் வைத்தார். மாரடைப்பு ஐந்து நிமிடத்தில் குணமாயிற்று.

தோட்டத்துக்குப் போன பஸ் மூன்றாவது வளைவில் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. எங்கள் ஊரில் பஸ் நின்றால் முதலில் டிரைவரைத் திட்டி, அப்புறம் அரசாங்கத்தைத் திட்டி, கடைசியில்தான் இறங்குவோம். இங்கே யாரும் ஒன்றும் பேசவில்லை. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நானும் தள்ளினேன், அதாவது தள்ளுகிறவர்களோடு நடந்தேன். பஸ் கிளம்புவதாக இல்லை. பின்னால் வந்த கொழுந்து லொறி என்னை ஏற்றிக்கொண்டது. பச்சைத் தேயிலைச் சாக்குகளின் மேல் மல்லாந்து, மடியில் குப்பிப் பெட்டியோடு, என் வாழ்நாளின் மிகச் சொகுசான பயணத்தைச் செய்தேன்.

தோட்டத்து மருந்துச் சாலையைப் பார்த்துக்கொள்பவர் அருளப்பன். டிஸ்பென்சர் ஐயா என்பார்கள். என் கடிதத்தைப் படித்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

"கானுல மாத்திரையா? நான் வீடு வீடாப் போய் முழுங்க வைக்கிறேங்க. யாரு எழுதினது?" என்றார். பிறகு கதவைச் சாத்தினார். "நீங்க இந்த ராத்திரி வெளிய தலையக் காட்டாதீங்க. இங்க ஒரு தும்மல் போட்டா மேல் லயத்துல 'நூறு வயசு'ம்பாங்க. பொறகு நான்தான் சேதி சொல்லிட்டேன்னு ஆயிரும்."

அவர் மனைவி சுட்ட ரொட்டி கனமாக, நன்றாக இருந்தது. தேத்தண்ணிதான் மரத்தூளைக் கரைத்த மாதிரி இருந்தது. தேயிலை விளைகிற இடத்தில் இப்படியா என்றேன். "நல்லதெல்லாம் கப்பல் ஏறிருமுங்க. இது கப்பல் வேணாம்னது" என்றார் அந்த அம்மா.

விடியற்காலை தப்பு மேளத்தின் சத்தம் என்னை எழுப்பியது. தோட்டத்து ஆட்கள் எல்லோரும் காலையில் ஓரிடத்தில் கூடி, பெயர் கூப்பிட்டு, எந்த மலையில் வேலை என்று பிரித்து அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். மெட்ராஸில் மார்கழியிலும் விசிறிக்கொண்டு படுப்பவன் நான். அங்கே இரண்டு சட்டைக்கு மேல் அருளப்பனின் போர்வையையும் சுற்றிக்கொண்டு போய் நின்றேன். பெண்கள் தலையில் கூடையைத் தொங்கவிட்டு, வெறுங்காலில், குளிரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நின்றார்கள். காசநோய் உள்ள குடும்பங்களில் மாத்திரை சாப்பிடுகிற நாற்பது பேரைக் கங்காணி தனியே நிறுத்தினார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"மூத்திரமா?" என்றது ஒரு குரல். "மெட்ராஸ்ல தண்ணிப் பஞ்சம்னு கேள்விப்பட்டோம். இம்புட்டு மோசமா?"

பெரட்டே சிரித்தது. "கூடையில எடுக்கணுங்களா, குப்பியிலங்களா?" "நிறுத்துப் பாத்துத்தான் பேரு போடுவீங்களா?" பேர் என்பது அங்கே நாள் கூலிக்கு இன்னொரு பெயர். கொழுந்து சரியாகப் பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர்.

கூச்சம் போக்குவதற்கென்று எந்த வீட்டிலும் நான் சொல்கிற ஒரு வசனம் உண்டு. அது வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "இதுல பயப்பட ஒண்ணும் இல்லம்மா. இதே மாத்திரையை நானும் தினம் முழுங்குறேன்."

மெட்ராஸில் இந்த வசனத்துக்கு யாரும் பதில் சொன்னதில்லை. இங்கே ஒரு பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னால் வந்தாள். முப்பது வயதிருக்கும். இடுப்பில் நான்கு வயதுப் பெண் குழந்தை. "அப்பன்னா முதல்ல நீங்க குடுங்க" என்றாள்.

"ஏ மாரியாயி, ஐயாகிட்ட என்னா பேச்சு?" என்றார் கங்காணி.

"பேச்சு இல்ல கங்காணியாரே. கொழுந்து நிறுக்கையில நாம என்னா செய்யுறோம்? வெறுங்கூடைய மாட்டி, தராசு முள்ளு சரியா நிக்குதான்னு பாத்த பொறகுதானே கொழுந்த வைக்கிறோம்? பாக்காம வச்ச அன்னிக்கு எத்தன ராத்தல் போச்சு? ஐயா தினம் மாத்திர போடுறவரு. அவருக்கு நீலம் வந்தா தாளு சரி. வராட்டி தாளுல கோளாறு. அதப் பாத்துக்கிட்டு நாங்க குடுக்குறோம்."

"ஆமா, முள்ளப் பாக்கணும்" என்றார்கள் மற்றப் பெண்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு சோதனையை எப்படிச் சோதிப்பது என்று இவ்வளவு சுருக்கமாக அவர்களில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"நான் இப்பத்தான் போய்ட்டு வந்தேன்" என்றேன்.

"தேத்தண்ணி குடிங்க, வரும்" என்றாள் ஒருத்தி. ஒன்றல்ல, மூன்று போத்தல் தேத்தண்ணி என்னை நோக்கி நீண்டது. மலைக்குக் கொண்டுபோக வைத்திருந்த தேத்தண்ணி. அவ்வளவையும் குடித்தேன். கப்பல் வேண்டாம் என்ற அந்தத் தேயிலை தன் வேலையை மட்டும் சரியாகச் செய்தது.

கக்கூஸுக்குள் குப்பியோடு நின்றபோது என் மூளை படு வேகமாக ஓடியது. இப்போது ஒரு மாத்திரை விழுங்கினால்? அது குப்பிக்கு வந்து சேர மணிக்கணக்காகும். வேறு யாரிடமாவது கடன் கேட்டால்? யாரிடம், எப்படி ஆரம்பிப்பது? அப்போது சட்டைப் பையில் என் பேனா தட்டுப்பட்டது. நீல மை! ஒரே ஒரு சொட்டு. நான் நேர்மையானவன் என்பதால் தப்பினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மையில் மூடியைத் திருகும்போது பேனா நழுவிக் குழிக்குள் போய்விட்டது. நல்ல பேனா.

வெளியே வந்து பட்டியலைப் பிரித்தால் எழுதப் பேனா இல்லை. கணக்கப்பிள்ளை தன் பென்சிலை நீட்டினார். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகப் பதியும், பிறகு எதனாலும் அழியாது. செக்ரோல் என்ற தோட்டத்துப் பதிவேட்டில் பேரை யாரும் திருத்தாமல் இருக்க அந்தப் பென்சில்தான். "ஐயா பேர முதல்ல எழுதுங்க" என்றாள் மாரியாயி. முதல் வரிசையில் என் பெயரை, என் விலாசத்தோடு, என் கையாலேயே அழியாமல் எழுதினேன். அதன் கீழே நாற்பது பெயர்கள். குப்பிகள் வந்தன. தாள்களை நனைத்து, மருந்துச் சாலைப் பலகையில் எண்ணிட்டு வரிசையாக வைத்தேன். இனிக் கால் மணி நேரம்.

"கானுல கெடந்த மாத்திர என்னா?" என்று கேட்டேன், எதையாவது பேச வேண்டுமே என்று.

"அது பூச்சி மாத்திரைங்க. புள்ளைங்களுக்குக் குடுத்தாங்க. கசப்புத் தாங்காம ரெண்டு காம்பராவுல கானுல போட்டது நெசந்தான்" என்றாள் மாரியாயி. "இத யாரும் போடல. நெஞ்சு மாத்திரைய யாராச்சும் போடுவாங்களா?"

நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணு கேக்கணும் ஐயா. எங்க லயத்துக்கு மூணு மாசம்ங்குறாங்க. மேல் லயத்துக்கு ஒரு வருசம். மூணு மாசம் போதும்னா அவங்கள ஏன் ஒரு வருசம் போட்டு வதைக்கணும்? போதாதுன்னா எங்கள ஏன் மூணோட நிப்பாட்டணும்?"

"போதுமா போதாதான்னு தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இப்படி" என்றேன்.

"அப்ப எங்களப் பாத்துத்தான் உங்களுக்கே தெரிய வருமா?"

"ஆமா."

அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கோபிக்கவில்லை. குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரருக்குத்தான் நெஞ்சு நோவு. ஆசுபத்திரியில இருந்து வந்திட்டாரு, ஊசி போட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. ஒரே காம்பரா. அவரு இருமுனா இவ மொகத்தச் செவுத்துப் பக்கம் திருப்பிப் போட்டுட்டு, அவரு நிறுத்துறவரைக்கும் முழிச்சிருப்பேன். இந்த மாத்திர வந்த பொறகுதான் கண்ண மூடுறேன். மூணு மாசமோ ஆறு மாசமோ, சொன்ன மட்டும் குடுத்துருங்க. நடுவுல நிப்பாட்டிராதீங்க. அது போதும்."

அவ்வளவு தேத்தண்ணி குடித்திருந்தும் என் நாக்கு வறண்டுவிட்டது.

நீலம் ஏற ஆரம்பித்தது. இரண்டாம் எண், மூன்று, நான்கு, வரிசையாக. பண்டிகைக்குத் தோரணம் கட்டிய மாதிரி பலகை முழுக்க நீலம். இடையில் மூன்று வெள்ளை: கல்துமுல்லையில் ஒரு கருமாதிக்குப் போய் மூன்று நாள் மாத்திரையை மறந்தவர் ஒருவர், மசக்கை வாந்தியால் எதுவுமே வயிற்றில் நிற்காத ஒரு பெண், வெற்றிலையோடு சேர்த்துத் துப்பிவிட்டதாக ஒப்புக்கொண்ட ஒரு கிழவர். நாலாவது வெள்ளை, எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் எண்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது.

"மெட்ராஸ் ஐயாவுக்கு அரைப்பேரு!"

"அரைப்பேரா? கூடையே காலி. இன்னிக்கு அவருக்குப் பேரே இல்ல."

பெரட்டுக் களமே குலுங்கியது. நான் வாயைத் திறந்தேன். தாள் பழசு, கப்பல் காற்றில் ஈரம் பட்டிருக்கும் என்று சொல்ல வாக்கியம் முழுசாகத் தயாராக இருந்தது. மாரியாயி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் இருந்தது பயம்.

"ஐயா, தாளு கெட்டுப்போச்சா? வெவரமாச் சொல்லுங்க. கெட்ட தாளுன்னா எங்க நீலமும் செல்லாதே. பதுளையில ஒத்துக்க மாட்டாங்களே."

முள் சரியில்லை என்றால் நிறுத்த கொழுந்தெல்லாம் வீண். அருளப்பனும் என்னைப் பார்த்தார், கங்காணியும் பார்த்தார். தயாராக இருந்த வாக்கியத்தை, தொண்டையில் சிக்கிய மாத்திரை மாதிரி, கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

"தாள் நல்ல தாள்தாம்மா. நான்தான் முழுங்கல."

"இன்னிக்கா?"

"பல மாசமா."

"ஏன்?"

"பயம். ஈரல் கெட்டுருமோன்னு."

"கெட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப எங்களுக்கு மட்டும் ஈரலு இல்லியா?" என்றாள் மாரியாயி. அதற்கு மேல் என்னைத் திட்ட யாருக்கும் எதுவும் மிச்சமில்லை. முதல் எண்ணுக்கு நேராக, நாக்கில் பென்சிலைத் தொட்டு, நிறம் மாறவில்லை என்று எழுதினேன். கங்காணி கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு மாரியாயியும் எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். என் நாக்கு ஊதாவாகி, அன்று முழுக்க நான் கண்ணாடியில் பார்த்து ஒரு புதிய வியாதியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பதுளைக்குத் திரும்பிய பஸ் ஒழுங்காக ஓடியது. என் மனசுதான் வளைவுக்கு வளைவு நின்றது. ஜன்னலோர இருக்கை, வெளியே நல்ல காற்று, பட்டியல் மடியில். விரலை லேசாகத் தளர்த்தினால் போதும், கீழே பள்ளத்தாக்கில் போய்ச் சேரும். என் மானம் பிழைக்கும். தாள் இல்லாவிட்டால் தோட்டம் போகும். இன்னொரு தாளில் எழுதலாம் என்றால் கங்காணியின் கையெழுத்தையும் அந்த எழுத்தெழுத்தான பெயரையும் யார் போடுவது? பக்கத்திலிருந்தவர் "காத்து அடிக்குதுங்க, தாளு பறந்துரப் போகுது" என்றார். பட்டியலை மடித்துப் பெஞ்சில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். பதுளை வரும்வரை எழுந்திருக்கவில்லை.

டாக்டரம்மா கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கிறவர். ஒவ்வொரு வரியாக அவர் விரல் ஏறிவர, நான் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தை முதன்முறையாகப் பார்ப்பவனைப் போலப் பார்த்தேன். விரல் முதல் வரியில் நின்றது.

"தினமும் என்று சொன்ன ஞாபகம்."

"சொன்னேன், மேடம்."

அவர் எழுந்து வந்து என் கீழ் இமையை இழுத்துக் கண்ணைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். ஊதாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பென்சிலைப் பற்றிச் சொன்னேன். "மஞ்சள் இல்லை. மாதம் ஒரு தடவை யாரிடமாவது போய்க் காட்டினால் போதும். அதற்குத்தான் டாக்டர்கள் இருக்கிறோம், கண்ணாடி இல்லை" என்றார். பிறகு உட்கார்ந்து பட்டியலின் அடியில் கையெழுத்துப் போட்டார். தோட்டம் தப்பியது. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. நன்றி சொல்லி எழுந்தேன்.

"உட்காருங்கள். வெள்ளை வந்த நான்கு பேரையும் டிஸ்பென்சர் போய்ப் பார்க்க வேண்டும். வாந்தி எடுக்கும் பெண்ணை இங்கே வரச் சொல்லுங்கள். மற்ற மூவரும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் விழுங்க வேண்டும். இந்த விதியையும் நீங்கள்தான் எழுதினீர்களா?"

"இல்லை மேடம், இது எனக்கு மேலே இருப்பவர் எழுதியது."

"நல்லவேளை" என்று சொல்லி, அடுத்த மாத மாத்திரைப் பெட்டியை என் மடியில் வைத்தார். "நீங்களே கொண்டுபோங்கள். உங்கள் முதல் மாத்திரையும் அதற்குள் இருக்கிறது."

மறுநாள் விடியலில் மறுபடியும் பெரட்டு. மறுபடியும் அருளப்பனின் போர்வை. பெட்டியைப் பார்த்ததும் முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். நிற்கவில்லை, மாத்திரை நிற்கவில்லை என்ற சேதி கடைசி வரிசை வரை போவது கண்ணுக்குத் தெரிந்தது. மாரியாயி பெட்டியின் மூடியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கங்காணி செக்ரோலைப் பிரித்து வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டார். கருமாதிக்குப் போனவர் வந்தார், விழுங்கினார். வெற்றிலைக் கிழவர் வாயைக் கழுவிக்கொண்டு வந்தார், விழுங்கினார். பிறகு கங்காணி தொண்டையைச் செருமி, எங்கள் ஆபீஸ் மேனேஜர்கூடக் கூப்பிட்டிராத மரியாதையோடு, என் பெயரை முழுசாக, இனிஷியலோடு கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்றேன். அங்கே அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அருளப்பன் மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தார். அவ்வளவு சின்ன மாத்திரையா அது? என் பயத்தில் அது பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். விழுங்கினேன். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினால், மாரியாயி வழியை விடவில்லை.

"டிஸ்பென்சர் ஐயா எங்கள அப்பிடி விடுறதில்லீங்க. வாயத் தொறந்து நாக்கத் தூக்கணும்."

நாற்பது பேர் பார்க்க, அண்ணாந்து வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினேன். மாரியாயி சற்றுக் குனிந்து, இடுப்பிலிருந்த மகளை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள். அந்தப் பிள்ளை என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, இந்தக் கடைவாயும் அந்தக் கடைவாயும் நிதானமாகப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் சொன்னது:

"இல்ல. உள்ளுக்குப் போயிருச்சு."